திருமண வரவேற்பில் சைலன்ட் டிஸ்கோ: திருகோணமலையில் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

பெரிய ஸ்பீக்கர் பொக்ஸ் இல்லாத டிஸ்கோ இது. ஆடுகிற ஒவ்வொருவர் காதிலும் வயர்லெஸ் ஹெட்போன். மேடையருகே, பாட்டை ரேடியோ அலையாக அனுப்புகிற மூன்று சிறிய ட்ரான்ஸ்மிட்டர்; மூன்று சனலில் மூன்று விதமான பாட்டு. கேட்கிறவர் எந்தச் சனலில் நிற்கிறாரோ அந்த நிறத்தில் ஹெட்போனில் லைட் எரியும்: சிவப்பு, பச்சை, நீலம்.

சொந்தத்துக்குள்ளும் நண்பர்களுக்குமாக ஆறு வரவேற்புகளில் இதைச் செய்துகொடுத்திருக்கிறேன். முதல் இரண்டும் சொதப்பல். பாட்டிலும் பிழையில்லை, கருவியிலும் பிழையில்லை. ஹெட்போனை எப்போது சார்ஜ் போடுவது, எப்போது, எங்கே, யார் கையால் கொடுப்பது என்று யோசிக்கவில்லை. இதைச் சவுண்ட் வேலை என்று நினைத்து இறங்குகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பந்தி விசாரிக்கிற வேலை என்று நினையுங்கள். சமையல் நன்றாக இருந்தாலும் இலை போட ஆளில்லை என்றால் பந்தி குழம்பத்தானே செய்யும்.

1. இது உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்

புதுமைக்காக மட்டும் என்றால் விட்டுவிடுங்கள். அந்தக் காசுக்கு நல்ல டிஜே பிடிக்கலாம். இரண்டு காரணங்களுக்காகச் செய்தால் பலன் உண்டு.

ஒன்று, நேரம். 2007 இல் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பிறகு, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி எடுப்பது லேசான காரியமில்லை. உவர்மலைப் பக்கம் வீடுகளுக்கு நடுவே மண்டபம் எடுத்தாலும், கோயிலுக்குப் பக்கத்தில் எடுத்தாலும், ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில்தான் பொக்ஸை நிறுத்தச் சொல்வார்கள்.

மற்றது, வருகிற சனம். எங்கள் ஊர்க் கலியாணத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள நண்பர்கள் ஒன்றாக நிற்பார்கள். கனடாப் பேரப்பிள்ளைகளும் நிற்பார்கள். ஒரு டிஜேயால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போட முடியாது. மூன்று சனலால் முடியும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஹெட்போன் போட்டவர்கள் பாட்டோடு சேர்ந்து பாடுவார்கள், தங்கள் குரல் தங்களுக்கே கேட்காது. வெளியே நிற்பவர் கேட்பது 60 பேரின் அபசுரம். அதனால் மண்டபக்காரரிடம் மூடும் நேரத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒலிபெருக்கி இல்லை என்பதற்காக விடியும்வரை ஆடலாம் என்று அர்த்தமில்லை.

2. நாளும் இடமும்

கடற்கரையில் செய்ய ஆசைப்படுகிறவர்கள்தான் அதிகம். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அலைச் சத்தத்துக்கு நடுவே இது உண்மையில் அழகாக இருக்கும். ஆனால் எங்கள் கரைக்கு மழை வருவது வடகீழ்ப் பருவக்காற்றோடு. ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை திறந்தவெளியை நம்ப வேண்டாம். தை மாதக் கலியாணம் என்றால் மண்டபம். கடற்கரைக்கு வைகாசி, ஆனி, ஆவணி. ஆடியில் உங்கள் வீட்டுப் பெரியவர்களே நாள் வைக்க விடமாட்டார்கள்.

கடற்கரையில் ஆடுகிற இடத்தைக் கயிறும் விளக்கும் கட்டி அடையுங்கள், தண்ணீரிலிருந்து நன்றாகத் தள்ளி. காது அடைபட்டிருப்பவருக்குப் பின்னால் வருகிற அலையும் கேட்காது, கூப்பிடுகிற ஆளும் கேட்காது. ஹொட்டேல் நீச்சல் குளத்துக்கும் வாகனம் வந்துபோகிற பாதைக்கும் இதே கவனம் தேவை.

டச் பே பக்கம் என்றால், வாசலில் கட்டிய வாழையை மான் வந்து தின்னும். சைலன்ட் டிஸ்கோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் சாமான் இறக்குகிற நேரத்தில் இரண்டு பேர் அதைத்தான் கலைத்துக்கொண்டு நின்றார்கள்.

3. எத்தனை ஹெட்போன்

அழைப்பிதழ்க் கணக்கில் எடுக்க வேண்டாம். 250 பேர் வருகிற வரவேற்பில் சாப்பிட்டவுடன் போகிறவர்கள் பாதிக்கு மேல். மிச்சம் நிற்பவர்களிலும் எல்லோரும் ஆட மாட்டார்கள். நான் அந்த அளவுக்கு 100 எடுப்பேன்; 90 கொடுக்க, 10 கையிருப்பு. ஒன்று சார்ஜ் இறங்கும், ஒன்றில் காதுப்பஞ்சு கழன்றுவிடும், ஒன்றின் மேல் சோடா ஊற்றுப்படும். கையிருப்பு அதற்குத்தான்.

குறைவாக எடுப்பது கூட எடுப்பதை விட மோசம். ஹெட்போன் கிடைக்காதவர் சுற்றி நின்று பார்க்கிற ஆளாகிவிடுவார். சத்தமில்லாமல் ஆடுகிறவர்களை ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டு நிற்க யாராலும் முடியாது.

4. வாடகைக்காரரிடம் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: இது ப்ளூடூத்தா, ரேடியோவா? ப்ளூடூத் ஹெட்போன் 100 வாங்கி ஒரு போனோடு சேர்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சாதாரண ப்ளூடூத் ஒன்றிரண்டு ஹெட்போனோடு இணைகிற வழி. இதற்கு வேண்டியது வானொலி மாதிரி ஒரு இடத்திலிருந்து எல்லோருக்கும் போகிற அலை.

இரண்டாவது: எந்த அலைவரிசை? 2.4 கிகாஹேர்ட்ஸ் செட் என்றால் மண்டபத்து வைஃபையும் ப்ளூடூத்தும் அதே இடத்தில்தான் நெரிபடும்; மனித உடம்பும் அந்த அலையை நன்றாக உறிஞ்சும். சனம் நெருங்க நெருங்க விட்டுவிட்டுக் கேட்கும். 863 முதல் 865 மெகாஹேர்ட்ஸ் வரையான செட் கிடைத்தால் அதை எடுங்கள்.

இங்கேதான் கனடா மாமா வருவார். ‘நான் அங்கேயிருந்து மலிவா வாங்கிக்கொண்டு வாறன்’ என்பார். வேண்டாம். வட அமெரிக்கச் செட்டுகள் பல 902 முதல் 928 மெகாஹேர்ட்ஸில் ஓடும். எங்கள் நாட்டில் கைபேசிச் சேவை அதோடு உரசுகிற இடம் அது. ரேடியோக் கருவியை இறக்குமதி செய்யத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும். அத்தோடு, அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அடப்டரில் 100 முதல் 240 வரை என்று எழுதியிராவிட்டால் பூட்டிய அந்த நிமிடமே புகை வரும்.

மூன்றாவது: ஒரே தடவையில் எத்தனை ஹெட்போன் சார்ஜ் போடலாம்? இதை யாரும் கேட்பதில்லை. ஏன் கேட்க வேண்டும் என்பது அடுத்த பகுதியில்.

தொலைந்த ஹெட்போனுக்கு எவ்வளவு என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

5. சார்ஜ்: இரண்டு நாள் முன்பே

ஒரு பெட்டியில் 20 ஹெட்போன் ஒன்றாகச் சார்ஜ் ஏறும், ஒரு தடவைக்கு மூன்று மணித்தியாலம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ஹெட்போனுக்கு ஐந்து தடவை, 15 மணித்தியாலம். கலியாணத்தன்று காலை சாமான் வந்து இறங்கினால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். என் முதல் வரவேற்பில் கொழும்பிலிருந்து வான் பகல் 11 மணிக்குத்தான் வந்தது. இரவு 9 மணிக்கு 40 ஹெட்போனில் லைட்டே எரியவில்லை.

ஆகவே சாமான் இரண்டு நாள் முன்பே வீட்டுக்கு வர வேண்டும். ஒரு நாள் வாடகை கூடப் போகலாம், போகட்டும்.

சார்ஜ் ஏறியதையும் ஏறாததையும் ஒரே பெட்டிக்குள் போடுவதுதான் அடுத்த பிழை. ஏறியதைப் பெட்டிக்குள் காதுப்பக்கம் மேலே பார்க்க வையுங்கள், ஏறாததைக் கீழே பார்க்க. நள்ளிரவில் டோர்ச் அடித்துப் பார்த்தாலும் விளங்கும். ஏறி முடிந்ததும் ஒவ்வொன்றும் ஓவ் ஆகியிருக்கிறதா என்று கையால் பாருங்கள்.

6. மூன்று சனலுக்கு மூன்று பட்டியல்

சிவப்பு, ஆட்டத்துக்கு: குத்து, பைலா, கிரிக்கெட் மட்ச்சில் வாசிக்கிற பப்பரே இருக்கட்டும். நீலம், ஹிந்தியும் ஆங்கிலமும். பச்சையை மட்டும் பெரியவர்களுக்கு ஒதுக்குங்கள்: 60களின், 70களின், 80களின் மெலடி.

பச்சைச் சனலை வீண் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நானும் நினைத்தேன். ஒரு அம்மம்மா கதிரையை விட்டு எழும்பவேயில்லை. தலையில் பச்சை லைட் எரிய, கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டபடியே இருந்தார். வீட்டுக்குப் போக வான் வந்து நின்றது. கழற்றித் தாங்கோ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒவ்வொரு பட்டியலும் இரண்டு மணித்தியாலத்துக்கு இருக்க வேண்டும், எல்லாம் முன்கூட்டியே டவுன்லோட் செய்திருக்க வேண்டும். ஹொட்டேல் வைஃபையில் நேரடியாக ஓட விட்டால், ஆட்டத்துக்கு நடுவே பாட்டு நிற்கும். பாட்டு போனிலிருந்து ஓடினால் அதை விமானப் பயன்முறையில் போடுங்கள். இல்லையென்றால் சமையல்காரர் எடுக்கிற கோல் 40 பேர் காதில் மணி அடிக்கும்.

7. ட்ரான்ஸ்மிட்டர் பூட்டுவது

தரையில் வைக்க வேண்டாம். அலையை மறிப்பது சுவர் மட்டுமில்லை, சனத்தின் உடம்பும்தான். தலைக்கு மேலே, இரண்டு மீற்றர் உயரத்தில் ஸ்டாண்டில் வையுங்கள். மூன்றையும் ஒன்றோடொன்று ஒட்டி வைக்காமல் ஒரு மீற்றராவது இடைவெளி விடுங்கள், ஒன்றின் அலை மற்றதில் கலக்காமலிருக்க.

சத்த அளவை ஒவ்வொரு சனலிலும் ஒரே அளவாக வையுங்கள். உள்ளே கொடுக்கிற சத்தம் கூடினால் பாட்டு கரகரக்கும். குறைந்தால், கேட்பவர் ஹெட்போனை முழுக்கக் கூட்டுவார், இரைச்சலும் சேர்ந்து கூடும்.

லப்டொப்பை சார்ஜரில் போட்டவுடன் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் வந்தால் பயப்பட வேண்டாம். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் அதுதான். முழுச் சார்ஜோடு லப்டொப்பைக் கொண்டுபோய் பற்றரியிலேயே ஓட விடுங்கள்.

ட்ரான்ஸ்மிட்டர்களுக்கு ஒரு சிறிய யூ.பி.எஸ். கட்டாயம் வையுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கிற இடைவெளியில் பாட்டு நிற்காது. ஒரு முறை அப்படி நடந்தது. மண்டபம் முழுக்க இருட்டு, சிவப்பும் நீலமுமாகத் தலைகள் மட்டும் குதித்துக்கொண்டிருந்தன. அன்று எடுத்த வீடியோவில் சனம் திரும்பத் திரும்பப் பார்க்கிற இடமே அதுதான்.

பூட்டி முடிந்ததும் ஒரு ஹெட்போனைப் போட்டுக்கொண்டு மண்டபத்தின் நான்கு மூலைக்கும், கழிவறைப் பக்கத்துக்கும் நடந்து பாருங்கள். வெறும் மண்டபத்தில் கேட்பது நிறைந்த மண்டபத்தில் குறையும். மூலையில் இப்போதே விட்டுவிட்டுக் கேட்டால் இரவில் அறவே கேட்காது.

8. பொம்பிளையின் தலை

இதற்குத் தனிப் பகுதி வைக்கக் காரணம் இருக்கிறது. கொண்டை, அதைச் சுற்றி மல்லிகை, முன்னால் நெற்றிச்சுட்டி, காதில் ஜிமிக்கி. இதன் மேல் ஹெட்போன் பட்டியை வைத்தால் பூ நசுங்கும், சுட்டி இழுபடும், ஜிமிக்கி காதுக்குள் குத்தும். அலங்காரம் செய்தவருக்குக் கோபம் வருவது தனிக் கதை.

பட்டியைத் தலைக்கு மேலே போடாமல் கொண்டைக்குக் கீழே, பிடரிப் பக்கமாகக் கொண்டுவாருங்கள். அப்படிப் போட்டால் வழுக்கும். மெல்லிய கறுப்பு எலாஸ்டிக்கால் இரண்டு பக்கத்தையும் தலைக்கு மேலே இணைத்துக் கட்டினால் முடிக்குள் மறைந்துவிடும். படம் எடுத்து முடிந்ததும் ஜிமிக்கியைக் கழற்றிச் சின்னத் தோடு போடச் சொல்லுங்கள். அலங்கார ஒத்திகை வைக்கிறீர்கள் என்றால் அன்றைக்கே ஒரு ஹெட்போனைக் கொண்டுபோய்ப் பார்த்துவிடுங்கள்.

9. எப்போது தொடங்குவது

எங்கள் வரவேற்புகள் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில்தான் போகும்: மாப்பிள்ளை பொம்பிளை வருகை, கேக், இரண்டு பேச்சு, மேடையில் படம் எடுக்க நீண்ட வரிசை, சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன் தொடங்கினால் பாதிச் சனம் பட வரிசையில் நிற்கும், மீதிச் சனம் பசியில் இருக்கும். நான் ஒருமுறை 7.30க்குத் தொடங்கினேன். பொக்ஸ் நின்றதும் பெரியப்பா ஒருவர் எழும்பி வந்தார்.

‘என்ன தம்பி, சவுண்ட் பழுதாப் போச்சே?’

நான் விளக்கிச் சொல்லி முடிக்க முன் இன்னும் நான்கு பேர் அதையே கேட்க வந்துவிட்டார்கள். சாப்பாட்டு மேசை திறந்து முக்கால் மணித்தியாலம் கழித்து, பட வரிசை பத்துப் பேருக்குள் குறைந்த பிறகு தொடங்குங்கள். ஒன்றரை மணித்தியாலம் போதும். அதற்கு மேல் எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் காது வேர்க்கும்.

10. கொடுக்கும் மேசை

மேசையை வாசலில் வைக்க வேண்டாம், ஆடுகிற இடத்தின் ஓரத்தில் வையுங்கள். வாசலில் கொடுத்தால் வந்தவர் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போவார். புரியாணி எண்ணெயோடு திரும்பி வரும்.

மேசையில் மூன்று பேர் வேண்டும். முதல் ஆள் ஹெட்போனை ஒன் செய்து, சிவப்புச் சனலில், பாதிச் சத்தத்தில் வைத்துத் தள்ளுவார். இரண்டாவது ஆள் கொடுத்துச் சொல்லுவார். மூன்றாவது ஆள் எண்ணுவார். இதை ஒரே ஆளிடம் விட்டால் ஐந்தாவது நிமிடத்தில் வரிசை முறியும், பெடியள் தாங்களே பெட்டிக்குள் கை விடுவார்கள்.

ஓவ் ஆன ஹெட்போனைக் கொடுக்கவே கூடாது. வாங்கியவர் எல்லாப் பட்டனையும் அமத்திப் பார்த்துவிட்டு ‘இது வேலை செய்யேல்ல’ என்று திரும்பி வருவார். சொல்ல வேண்டியது மூன்றே மூன்று: ‘இதை அமத்தினா பாட்டு மாறும், லைட்டும் மாறும். இதால சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். போகேக்க அந்தக் கூடைக்குள்ள போடுங்கோ.’

வெளிநாட்டு விழாக்களில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு ஹெட்போன் கொடுப்பார்களாம். கலியாண வீட்டில் சம்பந்தியிடம் அடையாள அட்டை கேட்டுப் பாருங்கள், அடுத்த 20 வருசத்துக்கு அந்தக் கதை ஓடும். அதற்குப் பதில் 20 ஹெட்போனுக்கு ஒரு நிற ஸ்டிக்கர் ஒட்டி, ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு வீட்டிலிருந்தும் ஒரு பெடியனைப் பொறுப்பு வையுங்கள். 100ஐத் தேடுவது கஷ்டம், 20ஐத் தேடலாம்.

11. முதல் பாட்டு

பொக்ஸைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நான் இப்போது செய்கிற முறை இது: கொடுத்து முடியும்வரை பொக்ஸில் பாட்டு ஓடும். பிறகு எல்லோருக்கும் தெரிந்த ஒரு குத்துப்பாட்டை பொக்ஸிலும் மூன்று சனலிலும் ஒரே நேரத்தில் போடுகிறேன். அறிவிப்பாளர் எல்லோரையும் ஹெட்போனைப் போடச் சொல்லுவார். ஒரு நிமிடம் கழித்து பொக்ஸை மெதுமெதுவாக இறக்கி நிறுத்திவிடுகிறேன்.

காதில் போட்டவர்களுக்குப் பாட்டு அறவே நிற்காது, அவர்கள் ஆடிக்கொண்டே இருப்பார்கள். போடாதவர்களுக்கு என்ன நடக்கிறது என்று அந்தக் கணத்திலேயே விளங்கும். மேசைக்கு அடுத்த கூட்டம் அப்போதுதான் வரும். அந்தப் பாட்டு முடிந்த பிறகுதான் மூன்று சனலும் பிரிய வேண்டும்.

12. நடுவில் கவனிக்க வேண்டியவை

அவசரத்துக்கு ஒரு வழி வைத்திருங்கள். காது அடைபட்ட 90 பேரிடம் ‘காரை எடுங்கோ’ என்று கத்திப் பயனில்லை. மண்டப லைட் முழுவதையும் போடுங்கள், மூன்று சனலையும் நிறுத்துங்கள், பிறகு பொக்ஸ் மைக்கில் சொல்லுங்கள். இந்த மூன்றையும் ஒரு ஆளே செய்யக்கூடிய இடத்தில் சுவிட்சும் மைக்கும் இருக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளின் ஹெட்போனைப் பெரியவர் ஒருவர் இடைக்கிடை எடுத்துக் கேட்டுப் பார்க்கட்டும். முழுச் சத்தத்தில் ஒன்றரை மணித்தியாலம் கேட்கிற காது அதுவாகத்தான் இருக்கும். காதுக் கருவி போட்டிருக்கிற பெரியவர்களுக்கு மேலால் ஹெட்போன் போட்டால் கருவி கீச்சிடலாம். அவர்களை வற்புறுத்த வேண்டாம்.

வீடியோக்காரருக்கு முதலே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குக் கிடைப்பது செருப்புச் சத்தமும் கத்தலும் மட்டும்தான். சிவப்புச் சனல் ஓடுகிற பட்டியலை ஒழுங்கு மாறாமல் யூ.எஸ்.பியில் கொடுத்துவிடுங்கள், முதல் பாட்டுத் தொடங்கும்போது கமராவுக்கு முன்னால் ஒருவர் கைதட்டினால் அந்த இடத்திலிருந்து அவர் பொருத்திக்கொள்வார்.

13. திரும்ப வாங்குவது

தொலைவது கடைசிப் பத்து நிமிடத்தில்தான். கடைசிப் பாட்டையும் முதல் பாட்டைப் போலவே மூன்று சனலிலும் ஒன்றாகப் போடுங்கள். அது பாதியில் இருக்கும்போது பொக்ஸை மெல்ல ஏற்றுங்கள், லைட்டையும் கூட்டுங்கள். பொக்ஸில் பாட்டு கேட்டவுடன் சனம் தானாகவே ஹெட்போனைக் கழற்றும். அந்த நேரத்தில் கூடைகள் ஆடுகிற இடத்துக்கு உள்ளேயே வர வேண்டும். வாசலில் காத்திருந்து பயனில்லை. பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் நான்கு பேரிடம் கூடையைக் கொடுத்தால், பெரியவர்கள் யாரும் மறுக்காமல் போடுவார்கள்.

வாசலில் ஒரு ஆள் நின்று கழுத்தைப் பார்த்தால் போதும்.

பிறகு எண்ணுங்கள், நிறம் நிறமாக, வான் புறப்பட முன்பே. ஒவ்வொன்றையும் ஓவ் செய்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் காதுப்பஞ்சைத் துடைத்து, காய்ந்த பிறகு பெட்டிக்குள் வையுங்கள். மல்லிகை இதழ், குங்குமம், பவுடர் எல்லாம் அதில் ஒட்டியிருக்கும். ஈரத்தோடு மூடினால் அடுத்த நாள் மணக்கும், வாடகைக்காரர் அதற்கும் காசு கேட்பார்.

ஒன்றிரண்டு குறைந்தால் பதற வேண்டாம். மேடைக் கதிரைக்குப் பின்னால் பாருங்கள், பரிசுப் பெட்டிகளுக்கு நடுவே பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் மாப்பிள்ளைத் தோழனுக்கு ஒரு கோல் எடுங்கள். எனக்கு இரண்டு முறை அவர் கழுத்திலிருந்துதான் கிடைத்தது.